சோம்பலும் சோகையும்



வரலாறு என்றால் அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். தஞ்சை மண்ணிற் பிறந்தவர்களிடம் இவ்வெண்ணம் சற்று மிகுதியாகவே இருக்கும். கல்லணையும் பெரிய கோயிலும் சரசுவதி மகாலும் கண்முன் நிற்கும்போது வேறு வரலாற்றைத் தேடுவானேன் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் நோய்க்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு நோயை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான், எத்தனை காலம் அறியாதிருந்தான், அந்த அறியாமையினால் யார் யார் துன்புற்றார்கள் என்பதெல்லாம் அரசியல் வரலாற்றுக்குச் சற்றும் குறையாத செய்திகள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது களைப்பின் வரலாறு. உழைக்க இயலாமற் சோர்ந்து விழும் உடலை உலகம் முதலிற் சோம்பேறி என்று பழித்தது. பின்னர் ஆராய்ச்சி அவ்வுடலுக்குள் நோயைக் கண்டது. ஒரு முறை மட்டுமன்று, பல முறை இவ்வாறு நடந்திருக்கின்றது. அதனைத்தான் சொல்ல விரும்புகின்றேன்.

காவிரிப் படுகையில் நெல் விளைவிப்பது எத்தகைய உழைப்பு என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அதன் பின்னர் ஜூன் 12-ஆம் நாளை ஒட்டி அணையைத் திறந்துவிடுவது வழக்கமாயிற்று. குறுவை, சம்பா, தாளடி என்று பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இயந்திரங்கள் வருவதற்கு முன்பு சேறு கலக்குவதும், நாற்றுப் பறிப்பதும், முடி சுமப்பதும், நடுவதும், களை எடுப்பதும், அறுப்பதும், கட்டுச் சுமந்து களத்தில் அடிப்பதும் ஆகிய யாவும் மனித உடம்பினால் நடந்தவை. முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுதும் குனிந்து நின்று நடவு நடும் பெண்ணின் உழைப்பை மல்லன் ஒருவனும் ஒரு வாரம் தாங்கமாட்டான். அந்த உழைப்பைச் செய்தவர்களுட் பெரும்பாலோர் பண்ணையாட்கள். அவர்கள் வயலோடு பிணைக்கப்பட்டவர்கள் போல வாழ்ந்தவர்கள். 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்தான் அவர்களுக்குச் சட்டத்தின் துணையை ஓரளவு அளித்தது. அதற்கு முன்னர்க் கீழத் தஞ்சையில் வேலைக்குப் பிந்தி வந்தவனுக்கும் வேலையில் தளர்ந்தவனுக்கும் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன என்பது விவசாயிகள் இயக்கத்தின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட செய்தி. தளர்ச்சி குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. தளர்ந்தவனுடைய நாடியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

ஆனால் நம் வைத்தியர்கள் அந்தத் தளர்ச்சியை நோயாக அறிந்திருந்தார்கள். உடல் வெளுத்தல், முகம் ஊதுதல், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், உணவில் வெறுப்பு ஆகியவற்றைச் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் பாண்டு என்ற பெயரின் கீழ்த் தொகுத்தன. மக்கள் வழக்கில் இது சோகை. இதற்கு அவர்கள் கொடுத்த மருந்துகளுள் முதன்மையானவை இரும்பினால் ஆனவை: அயச் செந்தூரமும் மண்டூரமும். கரிசலாங்கண்ணிக் கீரையும் இதற்கு உரிய மூலிகையாகக் கருதப்பட்டது. மண் தின்பதனால் வரும் பாண்டு என்று ஒரு வகையையே ஆயுர்வேதம் தனியாகப் பிரித்துக் கூறுகின்றது. நம் கிராமங்களில் சாம்பலையும் திருநீற்றையும் களிமண்ணையும் பச்சை அரிசியையும் ஆசையோடு தின்னும் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நீங்கள் கண்டிருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு இத்தகைய ஆசை எழுகின்றது என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கின்றது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற வைத்திய நிலையத்தை நடத்தினார். அங்கே சேர்க்கப்பட்ட மருந்து முறைகள் பிற்காலத்திற் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் சரசுவதி மகால் நூலகத்தாரால் அச்சாயின. ஆக, நோய்க்குப் பெயரும் இருந்தது; ஓரளவு பயன்தரும் மருந்தும் இருந்தது. இல்லாதது ஒன்றே: அந்த வெளுப்பு எங்கிருந்து வருகின்றது என்னும் அறிவு.

அந்த அறிவு ஐரோப்பாவில் ஒரு பிணப் பரிசோதனை மேசையிலிருந்து தொடங்கியது. 1838-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரத்தில் ஆஞ்சலோ துபினி என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு பெண்ணின் குடலில் அரை அங்குலம்கூட நீளமில்லாத ஒரு புழுவைக் கண்டார். அதுவே கொக்கிப்புழு. அது நோய் செய்யும் என்று அக்காலத்தில் யாரும் அதிகமாக எண்ணவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோத்தார்டு என்னும் புகைவண்டிச் சுரங்கப்பாதை அமைத்தபோது, தொழிலாளர்கள் கூட்டங் கூட்டமாக வெளுத்துச் சோர்ந்து விழுந்தார்கள். 1880-ஆம் ஆண்டில் எடுவார்டோ பெரான்சிட்டோ முதலிய ஆராய்ச்சியாளர் அவர்களுடைய மலத்தைப் பரிசோதித்துக் கொக்கிப்புழுவின் முட்டைகளைக் கண்டனர். சுரங்கத்திற்குள் வெப்பமும் ஈரமும் இருந்தன. மலசலம் கழிக்கத் தனி இடம் இல்லை. புழு பெருகுவதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

புழு உடம்பினுள் எப்படி நுழைகின்றது என்பது அப்போதும் விளங்கவில்லை. வாய் வழியாகத்தான் என்று யாவரும் நம்பினர். எகிப்தின் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஆர்தர் லூஸ் என்னும் செர்மானியர், 1890-களின் பிற்பகுதியில், புழுவின் இளங்குஞ்சுகள் நிறைந்த நீரைத் தவறுதலாகத் தம் கைமேற் சிந்திக்கொண்டார். அந்த இடம் எரிந்து சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்துக்கொண்டு புழு உள்ளே செல்கின்றது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1902-ஆம் ஆண்டில் நம் நாட்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் சார்லஸ் பென்ட்லி என்ற மருத்துவர், தொழிலாளர்களின் பாதத்தில் மழைக்காலத்தில் தோன்றும் 'பானி காவ்' என்னும் நீர்ப்புண்ணுக்கும் மண்ணில் உள்ள கொக்கிப்புழுக் குஞ்சுகளுக்கும் உறவு உண்டென்று எடுத்துக்காட்டினார். நம் வயல்வெளியிலும் சேற்றுப்புண் என்று ஒன்று உண்டு. அது வேறு காரணங்களாலும் வரக்கூடியது. ஆகவே இரண்டையும் ஒன்றென்று கொள்ளலாகாது. எனினும் வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவன் எத்தனை வகை நோய்க்கு வாயில் திறந்து வைத்திருக்கிறான் என்பதை இது காட்டும்.

புழுவின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மனித மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள, மணல் கலந்த மண் அவற்றிற்கு மிக ஏற்றது. வெயிலிற் காய்ந்த தரையும், நீர் தேங்கி நிற்கும் சேறும் அவ்வளவு ஏற்றவை அல்ல. ஆகையால் நடவு வயலைவிட ஆற்றங்கரைப் படுகையும், வாழைக் கொல்லையும், மூங்கிற் புதரும், தென்னந்தோப்புமே அஞ்சத்தக்க இடங்கள். கழிப்பிடம் இல்லாத ஊரில் மக்கள் ஒதுங்குவதும் இவ்விடங்களிலேயே அன்றோ! முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு பாதத்தோலைத் துளைத்து, இரத்த ஓட்டத்தோடு இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகின்றது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றது. கொக்கிப்புழுவில் முக்கியமான இரண்டு இனங்கள் உண்டு. சிறிய இனப் புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி லிட்டர் இரத்தம் இழக்கப்படும். பெரிய இனத்தினால் அதைப்போல் ஐந்து மடங்கு. ஒரு புழுவின் கணக்கைப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். சிறிய இனத்தில் நூறு புழுக்கள் இருந்தால் நாள்தோறும் 3 மில்லி லிட்டர். மாதத்திற்கு 90 மில்லி லிட்டர். இரத்தத்தோடு இரும்பும் போகின்றது. அரிசியையே பெரிதும் நம்பிய உணவிலிருந்து உடம்பு ஏற்றுக்கொள்ளும் இரும்பு மிகக் குறைவு. வரவு சிறிது, செலவு பெரிது என்றால் எந்தக் குடும்பம்தான் கடன்படாமல் இருக்கும்? இரத்தத்தின் செம்பொருளாகிய ஹீமோகுளோபின் குறையக் குறையத் தசைகளுக்குச் செல்லும் பிராணவாயுவும் குறைகின்றது. அதன்பின் மனவுறுதி எவ்வளவு இருந்தாலும் கால் நகராது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. அந்நாட்டின் தென் மாநிலங்களில் ஏழை உழவர்களைச் சோம்பேறிகள் என்று வடபகுதியார் இகழ்ந்து வந்தார்கள். 1902-ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியலார் அவர்களிடையே கொக்கிப்புழு மிகப் பரவலாக இருப்பதை அறிவித்தார். பத்திரிகைகள் அதற்குச் சோம்பலின் கிருமி என்று பெயர் சூட்டி வேடிக்கை செய்தன. வேடிக்கைப் பெயரானாலும் அதிலே ஓர் உண்மை இருந்தது: சோம்பல் என்று பழிக்கப்பட்டது குணக்கேடன்று, குடற்கேடு. 1909-ஆம் ஆண்டில் ராக்பெல்லர் என்னும் செல்வர் பத்து லட்சம் டாலர் கொடுத்து அதனை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் பயனை நெடுங்காலத்திற்குப் பின், 2007-ஆம் ஆண்டில், ஹோய்ட் பிளீக்லி என்ற பொருளியலறிஞர் பழைய மக்கட் கணக்குகளைக் கொண்டு அளந்தார். புழு மிகுந்திருந்த மாவட்டங்களில் இயக்கத்திற்குப் பின்னர்ப் பள்ளி வருகையும் எழுத்தறிவும் மற்ற இடங்களைவிட விரைந்து உயர்ந்தன என்று அவர் கண்டார். பிள்ளைகளின் குடலிலிருந்து புழு நீங்கியது. வகுப்பில் அவர்களுடைய அறிவு விழித்தது.

அவ்வியக்கம் கடல் கடந்து தமிழர்களிடமும் வந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆயிரக்கணக்கிற் சென்ற காலம் அது. மலேயாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்; இலங்கைக்கு மண்டபம் முகாம் வழியாகப் பயணம். 1916-ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. 1920-களில் சென்னை மாகாண அரசும் அந்நிறுவனத்தின் துணையோடு இவ்வேலையில் இறங்கியது. இலங்கை செல்லும் தொழிலாளருக்கு மண்டபத்திலேயே புழு மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் மருந்து ஒரு பாதியே. தோட்டத்தில் கழிப்பிடம் கட்டுவது மறு பாதி. மருந்துக்கு ஒப்பிய தோட்டத் துரைமார்களிற் பலர் கழிப்பிடத்திற்குப் பணம் செலவிட மனம் கொள்ளவில்லை. மருந்தினால் வெளியேறிய புழு மண்ணிலிருந்து மீண்டும் பாதத்தின் வழியே ஏறியது. காரணம் தெரிந்த பின்னரும் நோய் நீடித்தது என்றால், அங்கே குறைந்தது அறிவன்று என்பதை நீங்களே உணர்ந்துகொள்வீர்கள்.

களைப்புக்குப் புழு மட்டும் காரணமன்று. நம் தஞ்சை மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. மேட்டூர்த் திட்டத்தின் பயனாக 1934-ஆம் ஆண்டு முதல் கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. வானம் பார்த்த பூமி நஞ்சையாயிற்று. நீரோடு மலேரியாவும் வந்தது. பழைய படுகை வயல்களில் அவ்வளவாகத் தோன்றாத அக்காய்ச்சல், புதுப் பாசன நிலத்தில் தலைவிரித்தாடியது. பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் உழைத்த நம் நாட்டு அறிஞர்களும் 1930-களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டை வட்டத்தில் தங்கி, எந்தக் கொசு, எந்த நீரில், எந்தப் பருவத்தில் பெருகுகின்றது என்று ஆராய்ந்தார்கள். காய்ச்சலினால் இழந்த கூலி நாட்களின் விலை என்ன என்பதையும் கணக்கிட முயன்றார்கள். மலேரியாக் கிருமி இரத்தத்தின் சிவப்பு அணுக்களை அழிப்பது. காய்ச்சல் தணிந்த பின்னும் சோகையை விட்டுச்செல்வது. பொன் விளையும் என்று வந்த நீர், உழுபவனுடைய இரத்தத்தில் ஒரு பங்கைக் கேட்டது.

உணவு மூன்றாவது காரணம். நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் கொண்ட சென்னை மாகாண ஏழையின் உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. அவருடைய ஆராய்ச்சி நிலையமே பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. இங்கே நம் பாட்டிமார்களுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். நெல்லைப் புழுக்கிக் குத்தினால் தவிட்டிலுள்ள 'பி' வைட்டமின் அரிசிக்குள் இறங்கி நிற்கும். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் எனப்படும் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி என்னும் நோய் நிலைத்திருந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்கள் அதற்குப் பெரிதும் தப்பினார்கள்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களைக் கொல்லும் ஒரு கொடிய சோகையை ஆராய்வது அவர் நோக்கம். பம்பாயிலும், குன்னூரிலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார். அந்தச் சோகை இரும்பினால் தீரவில்லை. ஈஸ்டிலிருந்து எடுத்த, மார்மைட் என்னும் மலிவான சாற்றினால் தீர்ந்தது. அச்சாற்றில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று 1940-களில் அறியப்பட்டது. இன்று பள்ளிகளில் வாரந்தோறும் வளரிளம் பருவத்தாருக்குக் கொடுக்கப்படும் நீல மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இதுவே. அதைக் கசப்பென்று சன்னல் வழியே எறியும் மாணவர்களை என் பணிக்காலத்திற் கண்டிருக்கிறேன். பம்பாய்ச் சாளிகளில் எத்தனை தாய்மார்களின் உயிர் அந்த மாத்திரைக்குப் பின்னால் நிற்கின்றது என்பதை அவர்களுக்குச் சொல்லுவது என் வழக்கமாக இருந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் ஒருவர் கேட்கலாம்: ''சோகை உண்மைதான், ஆனால் அதனைத் தீர்த்தால் சோம்பேறி உழைப்பாளியாகி விடுவானோ?'' இக்கேள்விக்கு விடை, நம்மவர்களே குடியேறிய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிற் கிடைத்தது. 1970-களில் அமெரிக்க, இலங்கை ஆராய்ச்சியாளர்கள் அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒரு சாராருக்கு இரும்பு மாத்திரையும், மற்றொரு சாராருக்குச் சத்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1979-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: இரும்பு பெற்றவர்கள் மிகுதியான கொழுந்து பறித்தார்கள், யாருக்குச் சோகை மிகக் கடுமையாக இருந்ததோ அவர்களிடமே முன்னேற்றம் மிகுதி. வேலை நேரத்தில் மட்டுமன்றி, நாள் முழுவதும் அவர்களுடைய நடமாட்டம் கூடியிருந்ததைக் கருவிகள் பதிவு செய்தன. அறிவுரை கூறியவர் இல்லை, அதட்டியவர் இல்லை. இரத்தத்தில் இரும்பு ஏறியது, கூடையில் கொழுந்து ஏறியது.

இத்துடன் கதை முடிந்தது என்று எண்ணவேண்டாம். இரத்தத்தைச் சோதித்தால் யாவும் சரியாக இருக்கும். ஆயினும் நோயாளி எழுந்து நடமாட இயலாமற் கிடப்பார். அத்தகைய நோய் ஒன்றும் உண்டு. 1955-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மருத்துவர், செவிலியர் முதலாக ஏறத்தாழ 300 பேர் சில மாதங்களுக்குள் இவ்வாறு நோயுற்றார்கள். சிலர் நெடுங்காலம் தேறவில்லை. 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரிற் காணாமல், பழைய குறிப்பேடுகளை மட்டும் படித்துவிட்டு, இது பெண்களிடையே பரவிய மனக்கிளர்ச்சி என்று எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு பல ஆண்டுகள் நோயாளிகளைத் துரத்தியது. 1988-இல் அமெரிக்காவில் இத்தகைய நோய்க்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயரிட்டார்கள். பெயரே மென்மையாக இருந்ததால், 'எங்களுக்கும்தான் சோர்வு' என்று பலர் நகைத்தார்கள்.

இதன் காரணத்தைத் தேடிய பாதையிற் சறுக்கல்களும் உண்டு. 2009-இல் ஒரு வைரசே காரணம் என்று பெரிய ஆராய்ச்சி இதழில் அறிவிப்பு வந்தது. பிற ஆய்வுக்கூடங்களில் அது நிலைநிற்கவில்லை. 2011-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தவறென்று கண்டவுடன் விட்டுவிடுவது விஞ்ஞானத்தின் ஒழுக்கம். 2015-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிஞர் குழு, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆராய்ந்து, இது உடல் முழுவதையும் தாக்கும் கடுமையான நோய் என்று அறிவித்தது. சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதன் மறுநாளோ நிலைமை மோசமாவதே இதன் தனி அடையாளம். ஆகவே, மெல்ல மெல்ல உடற்பயிற்சியைக் கூட்டினால் தேறிவிடும் என்று கொடுத்துவந்த சிகிச்சையை 2021-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் கைவிட்டது. 2020-இல் பரவிய கொரோனாவுக்குப் பின் நம்மிடையேயும் பலர் மாதக்கணக்கிற் சோர்ந்து கிடந்ததனால், உலகம் இந்நோயைப் புதிய அக்கறையோடு நோக்குகின்றது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் தலைமையில் வெளியான முதற்கட்ட முடிவில், 15,579 நோயாளிகளின் மரபணுக்களை நலமுள்ளோரின் மரபணுக்களோடு ஒப்பிட்டு, எட்டு இடங்களில் வேறுபாடு காணப்பட்டதாகக் கூறியிருக்கின்றார்கள். அவற்றிற் சில நோய் எதிர்ப்பு அமைப்போடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை. இது நோயைக் கண்டறியும் சோதனையும் அன்று, மருந்தும் அன்று. மிலானில் துபினி புழுவைக் கண்ட 1838-ஆம் ஆண்டைப் போன்ற ஒரு தொடக்கம் என்று வேண்டுமானாற் கொள்ளலாம்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கோவாவில் ஏறத்தாழ 2,500 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குப் பன்னிருவர் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட களைப்பைக் கூறினர். அக்களைப்பு ஹீமோகுளோபின் அளவோடு தொடர்புறவில்லை. வறுமை, மனத்துயர், வீட்டிற் பெண் என்பதனால் வரும் ஒடுக்குமுறை ஆகியவற்றோடு தொடர்புற்றிருந்தது. ஆகவே களைத்தவர் யாவருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று கருதலாகாது. ஒருத்தியின் களைப்பு குடலில் இருக்கலாம்; மற்றொருத்தியின் களைப்பு அவள் வாழும் வீட்டில் இருக்கலாம். எதுவாயினும் அது உண்மையான களைப்பே. கேட்டறிவதும் சோதித்தறிவதும் மருத்துவன் கடமை. கேளாமற் பழிப்பது யாருக்கும் உரிமையன்று.

இன்றைய காவிரிப் படுகையில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடுகின்றன. பழைய தஞ்சை மாவட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்திருக்கின்றது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடைபெற்று வருகின்றது. ஒரு மாத்திரையை மென்று தின்றால் போதும். ஆயினும் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையவர்கள். உங்கள் வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாணவியும் அவர்களுள் ஒருத்தியாக இருக்கலாம்.

ஆசிரியர் அறைகளில் 'மந்தம்', 'தூங்குமூஞ்சி' என்னும் சொற்களை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அச்சொற்களைக் கேட்கும்போதெல்லாம் சவுக்கும் சாணிப்பாலுமே என் நினைவுக்கு வரும். கருவி மாறியிருக்கின்றது, தீர்ப்பு அதேதான். மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை மருத்துவராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் பத்துப் பேரை வேலை வாங்கும் நிலைக்கு உயர்வீர்கள். உங்கள் முன்னால் ஒருவர் தளர்ந்து நிற்கும்போது, 'ஏன் உழைக்கவில்லை?' என்று கேட்பதற்கு முன், 'உடம்புக்கு என்ன?' என்று கேளுங்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லையென்றால், இன்னும் கண்டுபிடிக்கப்படாதது ஏதேனும் இருக்குமோ என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாறு எண்ணியவர்களே துபினியும் பென்ட்லியும் லூசி வில்ஸும். காவிரிக் கரையிலிருந்தும் அப்படி எண்ணுகின்ற ஒருவர் தோன்றவேண்டும் என்பது இந்த முதிய ஆசிரியனின் விருப்பம்.